காத்திருந்த ஃபேண்டஸி நாவல் கைக்கு வந்ததும் ஏமாற்றுவது ஏன்?

ஜெலுத்தோங் வாசகன்

'விண்ட் அண்ட் ட்ரூத்' படித்து முடித்தேன். பிராண்டன் சாண்டர்சனின் ஸ்டார்ம்லைட் வரிசையில் ஐந்தாவது நூல். 2024 டிசம்பரில் வந்தது, 1,300 பக்கத்துக்கு மேல். நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கொடுத்து வாங்கினேன், காசைப் பற்றிக் கவலை இல்லை. முதல் நூல் வந்த புதிதில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸில் நைட் ஷிஃப்ட் அலுப்போடு உட்கார்ந்து படித்தவன் நான். இறங்க வேண்டிய இடம் வந்தால் எரிச்சலாக இருக்கும். அதே கதையின் ஐந்தாவது நூலில் கடைசி முந்நூறு பக்கத்தைக் கஷ்டப்பட்டுத் தள்ளினேன். அதுதான் மனசு ஆறவில்லை.

குறையைக் குறிப்பாகச் சொல்கிறேன். பத்தாம் நாள் ஒரு போட்டி, அதில் உலகத்தின் தலைவிதி முடிவாகும் என்று நான்காவது நூலிலேயே கெடு வைத்தாயிற்று. ஐந்தாவது நூல் அந்தப் பத்து நாள் கதைதான், நாளுக்கு ஒரு பாகம். கெடு இருக்கும் கதை நெஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டாமா? இங்கே ஒவ்வொரு நாளையும் பல ஊர்களுக்குப் பங்கு போட்டுவிடுகிறார். ஒரு முற்றுகை சூடு பிடிக்கும்போது வேறு ஊருக்குப் போகிறோம். திரும்பி வரும்போது சூடு ஆறிவிடுகிறது.

அடுத்தது பேச்சு. முதல் நூலில் நாயகன் கலடின் அடிமையாகப் பாலம் சுமக்கிறான். அம்பு மழைக்கு நடுவே மரப்பாலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் கூட்டம், தினம் யாராவது சாவார்கள். அவன் யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை. ஒரு வகை நாணல் தண்டைச் சேகரித்துச் சாறு பிழிகிறான். புண்ணுக்குப் போடும் மருந்து அது. அதை விற்ற காசில் சாமான் வாங்கி, ராத்திரி எல்லாருக்கும் ஒரே பானையில் சமைக்கிறான். பெயர்கூடச் சொல்ல விரும்பாத ஆட்கள் மெல்ல நெருப்பைச் சுற்றி வந்து உட்காருகிறார்கள். மனச்சோர்வைப் பற்றி அந்தப் பக்கங்கள் சொன்னதைவிட யாரும் எனக்கு நன்றாகச் சொன்னதில்லை. ஐந்தாவது நூலில் அதே கலடின் ஆலோசனை அறையில் உட்கார்ந்து பேசுகிறவரைப் போலப் பேசுகிறான். முன்பு செய்கையில் தெரிந்ததை இப்போது வாய்விட்டு விளக்குகிறார்கள், திரும்பத் திரும்ப.

இது நூலின் குறையா, இல்லை நான்கு வருடம் காத்திருந்ததால் எனக்குள் வளர்ந்த ஆசையா? மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செந்தூல்காரன்

அண்ணே, நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. கடைசி இரண்டு நாள் பகுதியை ஒரே மூச்சில் படித்தேன். முடிவும் துணிச்சலான முடிவு. எல்லாரையும் காப்பாற்றிக் கைதட்டு வாங்குவது அவருக்கு எளிது, அதைச் செய்யவில்லை. பத்து நூலாகத் திட்டமிட்ட கதையில் இது பாதிதான். பாதியில் முழு நிறைவு கேட்பது நியாயமா?

காத்திருப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். வருடக்கணக்காக மனசுக்குள்ளே நாமே ஒரு நூல் எழுதிவிடுகிறோம். வந்தது அதுவாக இல்லை என்றால் கோபம்.

பிறை டீச்சர்

செந்தூல் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஜார்ஜ் மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நூல் 1996இல் வந்தது. அதில் வரும் ஜான் ஸ்னோவின் உண்மையான பெற்றோர் யார் என்பதை 1990கள் முடிவதற்குள்ளேயே இணையத்தில் வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தொலைக்காட்சித் தொடர் அதை வெளிப்படையாகச் சொன்னது 2016இல். புத்தகத்தில் இன்றுவரை சொல்லப்படவில்லை. லட்சக்கணக்கான பேர் சேர்ந்து, ஒவ்வொரு வரியையும் பிரித்து மேய்ந்து, விடையைத் தெரிந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரு எழுத்தாளர் தனியாக என்ன ஆச்சரியத்தைக் கொடுத்துவிட முடியும்? விடையை மாற்றினால் முன்னால் போட்ட தடயமெல்லாம் பொய்யாகும். மாற்றாவிட்டால் எல்லாருக்கும் தெரிந்த கதை.

இன்னொன்று, நம் வயது. இந்த வகை நாவலைப் பெரும்பாலும் பதினாறு, பதினேழில் பிடிக்கிறோம். மூன்றாவது நூல் வரும்போது வேலை. ஐந்தாவது வரும்போது வீட்டுக் கடன், பிள்ளைக்கு டியூஷன். அந்தப் பழைய வாசகனும் நாமும் ஒரே ஆளா? என்னிடம் படித்த ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் டெஸ்க் அடியில் வைத்து விடாமல் படிப்பாள். பிடுங்கி வைத்தாலும் சாயங்காலம் வந்து கெஞ்சி வாங்கிக்கொண்டு போவாள். இப்போது பட்டர்வொர்த்தில் மருந்தாளுநர். போன வருடம் பார்த்தபோது, அதே வரிசையின் புது நூலை முடிக்க முடியவில்லை, தனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வருத்தப்பட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வளர்ந்துவிட்டாள், கதை அங்கேயே நிற்கிறது.

ஜெலுத்தோங் வாசகன்

டீச்சர், வயது விஷயத்தை மறுக்கவில்லை. ஆனால் காத்திருப்புதான் காரணம் என்பதை ஏற்க முடியவில்லை. இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது.

காலம் குறைவாக இருந்தும் ஏமாற்றிய நூல்: டிராகன் ராணுவக் கல்லூரிக் கதை, 'ஃபோர்த் விங்'. 2023 மே மாதம் வந்தது. இரண்டாவது, 'அயர்ன் ஃப்ளேம்', அதே வருடம் நவம்பரில். இடையில் ஆறு மாதம். ஆறு மாதத்தில் யார் மனசில் என்ன கோட்டை கட்டிவிட முடியும்? ஆனாலும் முதல் நூலைக் கொண்டாடிய பல பேர் இரண்டாவதில் நொந்துபோனார்கள்.

காலம் அதிகமாக இருந்தும் நிறைவு தந்த நூல்: 'வீல் ஆஃப் டைம்'. 1990இல் தொடங்கிய கதை. எழுதிய ராபர்ட் ஜோர்டான் 2007இல் முடிக்காமலே இறந்துபோனார். அவருடைய மனைவிதான் அவருக்கு எடிட்டரும். அவர் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து, குறிப்புகளைக் கொடுத்து முடிக்கச் சொன்னார். ஒரு நூல் என்று நினைத்தது மூன்றாகி, 2013 ஜனவரியில் பதினான்காவது நூலோடு முடிந்தது. இருபத்துமூன்று வருடக் காத்திருப்பு, எழுத்தாளரே மாறிவிட்டார், குறை சொல்ல ஆயிரம் இடம் இருந்தது. இருந்தும் கடைசிப் போரைப் படித்துவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடியவர்கள்தான் அதிகம்.

அதே வரிசையில் பத்தாவது நூல் 2003இல் வந்தது. அதைப் பற்றி மட்டும் இன்றுவரை திட்டு விழுகிறது. காரணம் எளிது. ஒன்பதாவது நூலின் முடிவில் ஒரு மகத்தான காரியம் நடக்கிறது, மந்திர சக்தியின் பாதியில் படிந்திருந்த நஞ்சு நீங்குகிறது. பத்தாவது நூலின் பெரும்பகுதியில், அந்த நேரத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள், தூரத்தில் தெரிந்த அந்தச் சக்தியைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதுதான் கதை. கதை நகரவே இல்லை. எவ்வளவு நாள் கழித்து வந்தாலும் அந்த நூல் ஏமாற்றியிருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு கதை தானாகவே ஒரு கேள்வியை நம் முன்னால் வைக்கிறது, இதற்குப் பதில் சொல்வேன் என்கிறது. அதைத் தள்ளிப்போட்டு, விடை தராமல் புது ஆட்களையும் புது ஊரையும் கொண்டுவந்து இறக்கும்போதுதான் வாசகனுக்கு வயிறு எரிகிறது. மார்ட்டினிடமும் அதுதான் நடந்தது. 2000இல் வந்த மூன்றாவது நூலுக்குப் பிறகு கதையில் ஐந்து வருடம் தாவிவிடலாம் என்று நினைத்து எழுதிப் பார்த்தார், சரிவரவில்லை, கைவிட்டார். தாவ வேண்டிய காலத்தை எழுதியே நிரப்ப வேண்டியதாயிற்று. அது ஒரு நூலில் அடங்கவில்லை. காலப்படி வெட்டாமல் ஆட்களை இரண்டாகப் பிரித்தார். ஜான், டனேரிஸ், டிரியன் என்ற முக்கியமான மூன்று பேருடைய பகுதியும் இல்லாமல் 2005 நூல் வந்தது. அடுத்தது மறு வருடமே வரும் என்று நம்புவதாகப் பின்குறிப்பில் எழுதினார். வந்தது 2011இல். அந்த நூல் முழுக்க இரண்டு போருக்கு ஆயத்தம் நடக்கிறது, ஒன்று வடக்கே பனியில், இன்னொன்று மீரீன் நகர வாசலில். இரண்டும் அந்த நூலில் நடக்கவே இல்லை. அடுத்த நூலுக்குத் தள்ளிவைத்தார், அது இன்னும் வரவில்லை. அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபமில்லை. 2011 நூலின் கட்டமைப்பில்தான் எனக்குக் குறை.

பழைய கவுண்டர்

கோலாலம்பூரில் புத்தகக் கடைக் கவுண்டரில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில வார்த்தை.

நூல் நன்றாக இல்லை என்ற ஏமாற்றம் நம் ஊரில் பாதிதான். மீதி, நூலைக் கையில் வாங்குவதிலேயே இருக்கிறது. நமக்கு வருவது பெரும்பாலும் பிரிட்டன் பதிப்பு. தடிமனான ஃபேண்டஸி நாவலை அவர்கள் பேப்பர்பேக்கில் இரண்டாக வெட்டிவிடுவார்கள். மார்ட்டினின் மூன்றாவது நூலும் ஐந்தாவதும் அப்படித்தான், ஸ்டார்ம்லைட் முதல் மூன்று நூலும் அப்படித்தான். அட்டையில் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று சின்ன எழுத்தில் இருக்கும். தள்ளுபடி விற்பனையில் குவித்து வைத்திருக்கும்போது யார் அதைப் பார்ப்பார்கள்? பகுதி இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய், ஒன்றுமே புரியவில்லை, என்ன கதை இது என்று நொந்து திரும்பி வந்தவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். பகுதி ஒன்றைத் தேடினால் ஸ்டாக் இருக்காது.

2007 ஜூலையும் ஞாபகம் இருக்கிறது. ஹாரி பாட்டர் கடைசி நூல். கடை விலை 109.90 வெள்ளி. ஹைப்பர்மார்க்கெட்டுகள் அரிசி, எண்ணெய் விற்கும் இடத்திலேயே 69.90க்குப் போட்டுவிட்டார்கள். பெரிய புத்தகக் கடைகள் எதிர்ப்பாக நூலை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. பத்து வருடம் அந்தப் பையனோடு வளர்ந்த பிள்ளைகள் வெளியீட்டு நாள் அன்று கடை வாசலில் வந்து நின்று, இல்லை என்றதும் முகம் சுண்டித் திரும்பியதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடைக்காரர் பக்கமும் நியாயம் இருந்தது, நஷ்டத்துக்கு யாரால் விற்க முடியும்? ஆனாலும் அந்தப் பிள்ளைகள் பாவம்.

ஆயர் ஈத்தாம் வாசகி

எல்லாருக்கும் வணக்கம். நான் யூனி மாணவி. டிராகன் கல்லூரிக் கதை வழியாகத்தான் ஃபேண்டஸிக்குள் வந்தேன், அண்ணன் சொன்ன ஏமாற்றத்தை நானும் பட்டேன். முதல் நூலில் அந்த நாயகி வயலட் எலும்பு எளிதில் முறியும் உடம்பை வைத்துக்கொண்டு மதில் மேல் நடப்பாள், ஒவ்வொரு அடியும் எனக்குக் கூசும். இரண்டாவதில் காதலர்கள் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் எதையாவது மறைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சேர்கிறார்கள், மறுபடி அதே சண்டை. உட்கார்ந்து ஒரு தடவை பேசினால் தீரும் விஷயம்.

எனக்கு ஒரு கேள்வி. முடிந்த கதையை மட்டும்தான் இனி வாங்குவேன் என்று முடிவெடுக்கலாமா? மாணவி கையில் இருக்கும் காசுக்கு, முடியாத கதையில் போட்டு ஏமாறுவது கட்டுப்படியாகாது.

பழைய கவுண்டர்

தங்கச்சி, உன் காசு, உன் முடிவு. ஆனால் எல்லாரும் அப்படி இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள். முதல் நூல் விற்றால்தான் இரண்டாவதைக் கடை ஆர்டர் பண்ணும். புது எழுத்தாளருடைய முதல் நூல் படுத்துவிட்டால் பதிப்பகம் மீதியைப் போடவே யோசிக்கும். முடியட்டும் என்று நாம் ஒதுங்கி நிற்பதாலேயே முடியாமல் போன வரிசைகள் உண்டு. பெரிய பெயர்களுக்கு நீ காத்திருக்கலாம், அவர்களுக்கு நஷ்டமில்லை. புது ஆளுடைய முதல் நூல் பிடித்திருந்தால் வாங்கிவிடு. வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது ரசீதையும் எடுத்து வை. வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளியில் புத்தகமும் சேரும்.

செந்தூல்காரன்

நீங்கள் எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பேட்ரிக் ரோத்ஃபஸின் 'தி நேம் ஆஃப் தி விண்ட்' வரிசை. 2007இல் முதல் நூல், 2011இல் இரண்டாவது, மூன்றாவது இன்னும் இல்லை. நாயகன் கிவோத் தன் கதையை மூன்று நாளில் சொல்வதாக ஏற்பாடு, நூலுக்கு ஒரு நாள். இரண்டு நாள் போய்விட்டது. கதையில் அவன் இன்னும் பையன்தான். அரசனைக் கொன்றவன் என்று அவனுக்குப் பெயர், இதுவரை எந்த அரசனும் சாகவில்லை. அத்தனையும் ஒரே நாளில் எப்படி அடங்கும்?

இரண்டாவது நூலில் எனக்குப் புரியாத இடம் ஒன்று. அவன் கடல் பயணம் போகிறான். கப்பல் உடைகிறது, கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள், சாவின் விளிம்புக்குப் போய் வருகிறான். இத்தனையும் ஒரு பக்கத்துக்குள் சுருக்கி முடித்துவிடுகிறான், இது முக்கியமில்லை என்று. அப்புறம் காட்டில் ஒரு மோகினியோடு இருந்த காலத்துக்கு அத்தியாயம் அத்தியாயமாக. ஆனாலும் வரிக்கு வரி அவ்வளவு அழகாக எழுதக்கூடியவர் வேறு யாரையும் இந்த வகையில் நான் படித்ததில்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. சுமாரான ஆள் முடிக்காமல் விட்டால் யார் கவலைப்படப் போகிறார்கள்?

நிபோங் தெபால் அண்ணாச்சி

ஒரு எழுத்தாளர் வாசகனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? நாம் காசு கொடுத்தோம், ஒரு நூல் கொடுத்தார். கணக்கு அன்றே தீர்ந்தது. அடுத்த நூலுக்கு யாரும் முன்பணம் கட்டவில்லை. அவருக்கும் உடம்பு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. எழுத வரவில்லை என்றால் வரவில்லை. அவர் பண்டிகைக்குப் போட்டோ போட்டால்கூட "எழுதப் போ" என்று திட்டுகிறார்கள். அது அசிங்கம்.

பிறை டீச்சர்

திட்டுவது அசிங்கம்தான் அண்ணாச்சி. ஆனால் "முதல் பாகம்" என்று அட்டையில் போட்டு விற்றால் மீதி வரும் என்று நம்பித்தானே வாங்குகிறோம்? சட்டப்படி கடனில்லை, சரி. மனுஷன் மனுஷனுக்குச் சொன்ன சொல் ஒன்று இருக்கிறது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் வாசகன் ஒரு நாள் அழுதுவிட்டு அடுத்த நூலுக்குப் போய்விடுவான். வருடா வருடம் நம்பிக்கையைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் கொடுமை.

இந்தக் குறை வெள்ளைக்காரர்களோடு வந்ததும் இல்லை. பொன்னியின் செல்வன் கல்கி பத்திரிகையில் 1950இல் தொடங்கி 1954 வரை வாரா வாரம் வந்தது. தாத்தா பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. முடிந்தபோது அந்தக் கால வாசகர்களுக்கும் திருப்தி இல்லை, திடீரென்று முடித்துவிட்டதாகக் கடிதம் போட்டார்கள். கல்கி என்ன செய்தார்? முடிவுரை என்று எழுதி, குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் நடந்ததா என்பது போன்ற கேள்விகளை எடுத்துவைத்துப் பதில் சொன்னார். வாசகர்கள் கேட்டது நியாயம்தான் என்று மதித்துச் சொன்ன பதில் அது. இன்றைக்குக் கதையைவிட அந்த முடிவுரைதான் எனக்குப் பிடிக்கும் என்றுகூடச் சொல்வேன். அவருக்குப் பின்னால் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதிக் கதையைத் தொடர்ந்தார்.

ஜெலுத்தோங் வாசகன்

டீச்சர், நல்ல இடத்தைத் தொட்டீர்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அந்த நாவல் அடித்துச் சொல்லவில்லை. அதற்காக நான் ஏமாந்ததே இல்லை. வரலாற்றிலேயே அது மூடுமந்திரம். கடம்பூர் மாளிகையில் அந்த ராத்திரி விளக்கு அணைந்த பிறகு, அங்கே இருந்த ஒவ்வொருவரும் தன்னால்தான் என்று நினைக்கும்படி கல்கி எழுதியிருக்கிறார். அந்த இருட்டே கதைக்கு வேண்டியிருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் பதில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதில் இல்லாததைத் தெரிந்தே விடுவது வேறு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவது வேறு. படிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியும்.

முடிக்கிறேன் என்று சொல்லி முடித்தவரும் நம் மொழியில் இருக்கிறார். ஜெயமோகனின் வெண்முரசு 2014இல் தொடங்கியது. தினம் ஓர் அத்தியாயம் இணையத்தில். இருபத்தாறு நாவல், 2020இல் முடிந்தது. எல்லா நூலும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன், சில நூலில் நானும் தேங்கி நின்றேன். ஆனால் காலையில் எழுந்தால் அத்தியாயம் இருக்கும் என்று தெரியும்போது, தேக்கத்தையும் பொறுத்துக்கொள்ள முடிந்தது. செந்தூல் தம்பி, இந்த ஒரு இடத்தில் காத்திருப்பைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு வழிவிடுகிறேன்.

செந்தூல்காரன்

நன்றி அண்ணே. நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன், ஐந்தாவது நூலில் கலடின் பேசும் பகுதி எனக்கும் நெருடியது. பாலம் சுமக்கும் கலடினை மறுபடி படித்துவிட்டு அதைப் படித்தால் இரண்டும் ஒரே கை எழுதியதா என்று தோன்றும். ஆனால் முடிவைப் பற்றி என் கருத்து மாறாது.

ஆயர் ஈத்தாம் வாசகி

அப்படியானால் நான் எதிலிருந்து தொடங்குவது? பயமுறுத்தாமல் சொல்லுங்கள்.

பழைய கவுண்டர்

மார்ட்டினின் முதல் மூன்று நூல். மூன்றாவதன் முடிவில் பெரும்பாலான கணக்கு ஒரு கட்டத்துக்கு வந்துவிடும், அங்கே நிறுத்தினாலும் நிறைவு உண்டு. முழுக்க முடிந்த கதைதான் வேண்டும் என்றால் 'வீல் ஆஃப் டைம்', பத்தாவதில் மட்டும் பொறுமை வேண்டும், பதினொன்றில் கதை மறுபடி ஓடும். புதிதாக வாங்காதே. பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, அங்கே பார். வாங்கும்போது அட்டையில் பகுதி ஒன்றா, இரண்டா என்று பார்த்து வாங்கு.

பிறை டீச்சர்

மூன்றாவது நூலின் பகுதி இரண்டு என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறதம்மா. பகுதி ஒன்று மாடியில் கிடைத்தால் சொல், சனிக்கிழமை தீவுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.